கடைமடைக்கு ஒன்றரை மணி

மிராசுதார் கல்யாணம் மதகடியில் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அடக்கவில்லை. எதற்கு அடக்க வேண்டும்?

"பயிர் வாடறது, அம்சம்மா. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ" என்றார்.

அம்சம்மாவாம்! இதே வாய் முன்பெல்லாம் என்னை "ஏண்டி" என்றுதான் கூப்பிடும். அப்போது அவருடைய கடைமடை வயலைக் குத்தகைக்கு உழுதவர்கள் நானும் என் வீட்டுக்காரர் தங்கையனும். வாய்க்காலில் முறைத் தண்ணீர், ஆளுக்கு இரண்டு மணி நேரம். மதகைத் திறந்த நொடியிலிருந்து கணக்கு. தலைமடையில் இருந்த அவர் வயலில் திறந்ததும் பாயும். எங்களுக்கோ காய்ந்த வாய்க்காலில் மூன்று மைல் ஊர்ந்து வரவேண்டும். வந்து நாலு பாத்தி நனைவதற்குள் நேரம் முடிந்துவிடும். மேல் வயல்காரன் வாய்க்காலைக் கட்டித் தன் பக்கம் திருப்பிக்கொள்வான்.

"தண்ணி வர்ற நேரத்தக் கழிச்சிக் குடுங்க சாமி" என்று தங்கையன் கெஞ்சினார்.

"எல்லாருக்கும் ரெண்டு மணி. கடிகாரத்துக்கு உன் வயல், என் வயல்னு தெரியுமாடா?" என்றார் இந்த மகானுபாவர்.

பயிர் கருகியது. குத்தகை அளக்கவில்லை என்று எங்களை விரட்டினார். அந்த ஏக்கத்திலேயே தங்கையன் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஆட்சி மாறியது, உச்சவரம்புச் சட்டம் வந்தது. தலைமடை நிலம் அவர் கையைவிட்டுப் போனது. அதில் ஒரு பங்கு எனக்கே பட்டாவானது. எங்களை விரட்டிய கடைமடைதான் அவருக்கு மிஞ்சியது. அதுவரை அவர் கையில் இருந்த மதகுச் சாவியையும் ஊர் விவசாயிகள் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு மணி குடுக்குறனேங்க, போதாதா?" என்றேன். மண்வெட்டியோடு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜலம் வந்து சேரவேண்டாமா? மூணு மைல் தூரம். மணிக்கு ரெண்டு மைல்தான் ஓடறது. வர்றதுக்கே ஒன்றரை மணி ஆயிடறது. பாய அரைமணிதான் மிஞ்சறது!"

"அடேயப்பா! அந்தக் கோடியில நிக்கிற வைரக்கண்ணு அண்ணன் காதுல விழலையாம். இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க."

சொன்னார். என் வயிறு குளிர்ந்தது.

"கணக்கு சரிதாங்க ஐயா. அடுத்த போகத்துலேர்ந்து கடைமடைக்கு அந்த ஒன்றரை மணியச் சேர்த்தே குடுப்போம். எல்லாரும் கேட்டுக்குங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ இன்னிக்கு?"

"இன்னிக்கு உங்க கணக்குதான். கடிகாரத்துக்கு உங்க வயல், என் வயல்னு தெரியாதுங்களே."

மதகைத் தூக்கினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தண்ணீரோடு கரையில் ஓடினார். தண்ணீர் தன் நடையில்தான் போனது.

தங்கையனும் இப்படித்தான் ஓடுவார்.