எண்ணெய் மூடிக்குள் பொட்டு

1

2025 ஜூன் 14, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோலசிலாங்கூரில் ஒரு வாகன விற்பனைக் கூடத்தில், மறுவடிவம் பெற்ற பிக்கப் வண்டி ஒன்றின் மேலிருந்த கறுப்புத் துணி விலக்கப்பட்டது. அதே மணிக்கு ரவாங்கில், வேறொரு நிறுவனத்தின் கூடத்தில், அதன் இரட்டை வண்டியின் மேலிருந்த துணியும் விலக்கப்பட்டது. இரண்டும் புக்கிட் பெருந்துங்கில் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் செய்யப்பட்டவை. முகப்பில் பதித்த சின்னமும் பெயரும் மட்டும் வேறு.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிடைத்தது என்பது சரியான சொல் அல்ல. [‘நான்தான் கிளப்பிவிட்டேன்’ என்று எழுதி, அடித்திருந்தேன். அடித்ததுதான் தவறு. அதுவே இருக்கட்டும்.]

நான் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி எழுதுகிறவன். அன்று கோலசிலாங்கூர் கூடத்தில், அந்த வெள்ளை வண்டியைச் சுற்றிவந்து, எரிபொருள் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வட்டம். சிவப்பு, கொஞ்சம் பழுப்பேறியது.

“புது வண்டிக்கே துரு பிடித்துவிட்டதா?” என்று மலாயில் சத்தமாகக் கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். நான் குனிந்து பார்த்தபோது நல்லெண்ணெய் வாசம் வந்தது. அது குங்குமம். சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்ன கிண்டல் எடுபட்டிருந்தது. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மாலைக்குள் என் கிண்டலோடு அந்தப் படம் பல்லாயிரம் பேரின் கைப்பேசிக்குப் போய்விட்டது.

2

அந்தப் பொட்டை வைத்த கங்காவை அறிமுகப்படுத்த மூன்று முறை முயன்றேன்.

‘கங்கா விடியுமுன்பே எழுந்து, சாமி மேடையில் விளக்கேற்றி, கண்மூடி நின்று’

இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். நான் அவரிடம் கேட்டபோது, “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், மகன் காடி கொடுத்தா” என்றார். மகனின் கார் கிடைக்கும் வெள்ளிக்கிழமைகள், அவ்வளவுதான் அவருடைய பக்தி.

‘ஐம்பத்தொன்பது வயதான கங்கா ஓய்வுபெற இன்னும் பதினொரு மாதமே இருந்தது.’ இது உண்மை. உங்கள் இரக்கத்தை முன்கூட்டியே வாங்கிவிடும் வாக்கியம் என்பதால் தயங்கினேன். பின்னால் தேவைப்படுகிறது, இருக்கட்டும்.

மூன்றாவது தொடக்கம் இப்படி. தொழிற்சாலை வரிசையின் கடைசியில், நீள நீளமான வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, கங்கா வண்டியின் உடம்பைத் தடவிப் பார்ப்பார். மெல்லிய கையுறை போட்ட உள்ளங்கை. கண்ணுக்குத் தப்பிய மேடு அந்தக் கைக்குத் தப்பாது. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி வெளியே போகும்.

பதினேழு வருடமாக அவருக்கு ஒரு வழக்கம். எந்தப் புது வடிவம் வந்தாலும், அதன் முதல் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டபின், எஞ்சின் முன்மூடிக்கு அடியில் சின்னம் பதியும் குழிக்குப் பின்னால் ஒரு பொட்டு வைப்பார். உலர்ந்த குங்குமம். வண்டி கழுவப்பட்டு வெளியேறும்போது பாதிக்குமேல் போய்விடும். போனால் என்ன, வைத்தாயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, “யார் வீட்டுக்குப் போகப்போவுதோ. போற இடத்துல நல்லா ஓடணும்ல” என்றார்.

இந்த முறை அந்தக் குழி இல்லை. மறுவடிவத்தில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் தகடு மூடியிருந்தது. கங்கா எண்ணெய் மூடியைத் திறந்து, அதன் உள்பக்கத்தில் வைத்தார். பக்கத்துக் காற்றாடி ஊதிப் பறக்கவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடி பறந்தது. அவரோடு வேலை செய்யும் தனேஸ்வரி முழங்கால் வலிக்குத் தேய்க்க ஒரு சின்னப் புட்டியில் நல்லெண்ணெய் வைத்திருப்பது ஞாபகம் வந்தது.

“என்னக்கா, வண்டிக்கு மூட்டு வலியா?” என்றாள் தனேஸ்வரி.

“ஒட்ட மாட்டேங்குதுடி. ரெண்டு சொட்டு கொடு.”

“விட்டுத் தொலைங்களேன். அடுத்த மாடலுக்கு வெச்சிக்கலாம்.”

“அடுத்த மாடலுக்கு நான் இருப்பேனா?”

“ஐயோ, சாவுற பேச்செல்லாம் வேணாம் லா.”

“வேலையச் சொன்னேன்டி, கூறுகெட்டவளே.”

குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்தார். பின்னால் இரண்டாவது வண்டி வந்து நின்றது. அதன் முகப்பில் மற்ற நிறுவனத்தின் சின்னம்.

“அது அவங்க கம்பெனியோடதுக்கா,” என்றாள் தனேஸ்வரி.

“சின்னத்தப் பிச்சிட்டா எது எவங்களதுன்னு நீ சொல்லுவியா? ரெண்டும் ஒரே வயித்துல வந்தது. ஒன்னுக்கு மட்டும் வெச்சு அனுப்பினா நல்லாவா இருக்கும்?”

அதற்கும் வைத்தார்.

[உலர்ந்த குங்குமம் என்றால் துடைத்ததும் போயிருக்கும். எண்ணெயில் குழைத்தது, புது வண்ணப்பூச்சின் மேல், விளக்குச் சூட்டில் ஒரு வாரம் இருந்து உள்ளே இறங்கிவிட்டது. கங்காவின் பிழை அந்த இரண்டு சொட்டு எண்ணெய்தான். அந்தக் குங்குமம் நிலைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு முறைதான்.]

3

திங்கட்கிழமை இரண்டு நிறுவனங்களின் ஆட்களும் தொழிற்சாலைக்கு வந்தார்கள். ரவாங்கில் இருந்த வண்டியின் மூடியையும் திறந்து பார்த்திருந்தார்கள். அதே இடத்தில் அதே கறை. வளாகத்தில் நின்ற மற்ற அறுபத்து நான்கு வண்டிகளையும் திறந்தார்கள். ஒன்றிலும் இல்லை.

அந்த இரண்டுக்கும் மற்றவற்றுக்கும் ஒரே வித்தியாசம், அவை அறிமுக விழாவுக்குப் போகும் வண்டிகள் என்பதால் கையால் மெருகேற்றப்பட்டவை. மெருகேற்றியவர் ரவீந்திரன். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். அசாம் ஜாவாவிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். நேரடி வேலை அல்ல, ஏஜென்ட் மூலம் ஒப்பந்தம்.

மேற்பார்வையாளர் ரோஸ்லி முதலில் கங்காவைக் கூப்பிட்டார். அக்கா என்பதற்கு மலாயில் ‘காக்’ என்பார். “காக் கங்கா, கையெழுத்து உங்களுடையது. நீங்கள் பார்த்தபோது இது இருந்ததா?”

“நான் பார்த்தப்போ சுத்தமா இருந்தது,” என்றார் கங்கா.

அது பொய் இல்லை. பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதானே வைத்தார்.

[இந்த வாக்கியத்தை நான் கங்காவுக்காக எழுதவில்லை. தொலைபேசியில் அவரே என்னிடம் இதே வார்த்தைகளில் சொன்னார். சொல்லிவிட்டு, “பார்த்தீங்களா, எப்படி வாய்ல வந்துச்சுன்னு” என்றார்.]

பத்து மணி இடைவேளையில் கேன்டீனில் ரவீந்திரன், பாலில்லாத தே ஓ தேநீர்க் கோப்பையோடு கங்காவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, என் கைக்கு அப்புறம் நீங்கதானே பார்த்தீங்க? அப்ப இருந்துச்சா?”

“இல்லப்பா.”

“அப்ப நான் தேய்ச்ச கிரீம்தான் பின்னால கலர் மாறியிருக்கும். மூடிய ரெண்டு தடவ தேய்ச்சேன்கா. விழாவுக்குப் போறதாச்சேன்னு.” தன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பார்த்தார். “ஒன்பது வருஷம். ஒரு வண்டி திரும்பி வந்ததில்ல. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. என் கைதான் போல.”

கங்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மணி அடித்துவிட்டது.

[மணி உண்மையில் அப்போதே அடித்ததா என்று எனக்குத் தெரியாது. அடித்தது என்றுதான் கங்கா சொன்னார்.]

4

அன்று மாலை கங்காவிடமிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. விழாச் செய்தியின் கீழே என் பெயர் இருந்தது, பத்திரிகை அலுவலகத்தில் எண்ணை வாங்கியிருக்கிறார்.

“நீங்கதானே மூடியத் திறந்தது?”

“ஆமாங்க. நீங்க?”

“நம்ம ஆளுதானே நீங்க. பார்த்ததும் தெரியலையா அது என்னன்னு?”



“தெரிஞ்சது,” என்றேன்.

“தெரிஞ்சும் துருன்னு சொன்னீங்களா?”

இந்த இடத்தில் என் பதிலை எழுத நான்கு வரி ஒதுக்கியிருந்தேன். நான்கையும் எடுத்துவிட்டேன். அவை பின்னால் யோசித்தவை.

கங்கா எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கேட்டது இதுதான்: “குங்குமம்னு மட்டும் எழுதிடுங்க. யார் வெச்சதுன்னு வேணாம். வெளிப்பொருள் எதையாச்சும் வண்டியில தடவினா வேலை போயிடும்ங்க, எனக்குப் பதினொரு மாசம் இருக்கு. குங்குமம்னு தெரிஞ்சிட்டா ரவீந்திரன் மேல பழி நிக்காது. புதன்கிழமை அவனப் பத்தி முடிவு பண்றாங்களாம்.”

“நாளைக்கே எழுதிடறேன்மா,” என்றேன்.

செவ்வாய்க்கிழமை எழுத உட்கார்ந்தேன். தொழிற்சாலைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: ‘நான் பார்த்தது துரு அல்ல, குங்குமம். தவறாகச் சொன்னவன் நான்.’ எழுதியும் வைத்தேன். மொட்டையாக இருந்தது. வாசிக்கிறவருக்கு வழக்கம் புரிய வேண்டாமா? புது வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பதைச் சேர்த்தேன். தோட்டத்து லோரிக்கு முதல் நடையின்போது சூடம் காட்டுவதைச் சேர்த்தேன். ஒரே இரும்பு, இரண்டு பெயர், அதில் ஒரு பெண் வைத்த ஒரே பொட்டு என்று ஒரு பத்தி வந்தது. அது எனக்குப் பிடித்துப்போனது. அதற்கேற்ப முதல் பத்தியை மாற்றினேன். முதல் பத்தி மாறியதும் முடிவு பொருந்தவில்லை.

புதன்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு முடித்தேன். தொள்ளாயிரம் சொல். நன்றாக வந்திருந்தது. தொழிற்சாலைக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை நான்கு மணிக்கு ரவீந்திரனின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டிருந்தது.

5

வியாழக்கிழமை காலை கங்கா ரோஸ்லியின் அறைக்குப் போனார். நான் அங்கே இல்லை. அந்தக் காட்சிக்கு என்னிடம் மூன்று வடிவங்கள் உண்டு.

ஒன்றில், கங்கா அழுகிறார். கங்கா அழுகிறவர் அல்ல.

இன்னொன்றில், என் தொள்ளாயிரம் சொல் ரோஸ்லியின் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. கங்கா எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போகிறது.  என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் வடிவம் அது. கட்டுரை உண்மையில் தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து, அழகான கட்டுரை என்று ஒரு பதில் வந்தது.

மூன்றாவதில், பதினேழு வருடமாகத் தனக்கு அந்தப் பொட்டு தெரியும் என்று ரோஸ்லி சொல்கிறார். “முன்மூடிக்கு அடியில் வைப்பீர்கள். இங்கே வைப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, காக்.” மூன்றிலும் இதுதான் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எடுத்துவிட்டேன். அந்த வாரம் நன்றாக எழுதியதால் என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன்.

நடந்ததாகக் கங்கா சொன்னது இவ்வளவுதான். குங்குமச் சிமிழை மேசைமேல் வைத்தார். “நான்தான். ரெண்டுக்கும்,” என்றார்.

6

ஞாயிற்றுக்கிழமை மகனின் காடியில் கங்கா அசாம் ஜாவாவுக்குப் போனார். ரவீந்திரன் வீட்டு வாசலில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். கங்கா உள்ளே போகாமல் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும், கேன்டீனில் கேட்டபோது மறைத்ததையும் சொன்னார்.

ரவீந்திரன் குழாயை மூடினார். கையைத் துணியில் துடைத்தார்.

“அப்ப என் கை இல்லையா அக்கா?”

“உன் கை இல்லப்பா.”

அதற்கு மேல் அவர் என்ன செய்தார் என்று கங்கா எனக்குச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். குழாயைத் திரும்பத் திறந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, கற்பனை செய்து எழுதவும் போவதில்லை. அந்த வாசலில் நடந்ததை நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், செவ்வாய்க்கிழமையே அந்த இரண்டு வரியை நான் அனுப்பியிருந்தால்...

கங்காவுக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, சோதனைப் பிரிவிலிருந்து உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். ரவீந்திரனின் இடத்துக்கு வியாழக்கிழமையே வேறு ஆள் வந்துவிட்டதாக ஏஜென்ட் சொன்னார். ஜூலை முதல் வாரத்திலிருந்து ரவீந்திரன் அசாம் ஜாவாவில் லோரிக்கு, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிறார். இரண்டு வண்டிகளுக்கும் எண்ணெய் மூடியை மாற்றினார்கள். இரண்டும் விற்றுவிட்டன.