வெர்லீன் அம்மாள் கேட்ட மன்னிப்பு

ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் லஃப்கின் ஊருக்குள் நுழைகிற எவரும் வக்கீல் வெண்டல் ஸ்ட்ரவுடைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. ஐம்பத்தொன்பதாம் நெடுஞ்சாலையில், பைன் மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது அவருடைய விளம்பரப் பலகை. கையில் சம்மட்டி, காலடியில் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி, முகத்தில் கொலைவெறி. 'லாரி மோதியதா? வெண்டலைக் கூப்பிடு' என்று ஆளுயர எழுத்து. உண்மையில் ஏணியில் மூன்று படி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். லாரியைத் தனியாகவும் அவரைத் தனியாகவும் படம் எடுத்து ஒட்டவைத்தது ஹூஸ்டன்காரன் ஒருவனின் கைவரிசை. ஆனால் லாரிக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதில் மனுஷர் சூரர்தான், அதில் பொய்யில்லை.

லாரியில் அடிபட்டவர்கள் செய்யக்கூடாத மூன்று காரியங்களை அவர் உள்ளூர் ரேடியோவில் தொண்டை வறளச் சொல்லிவந்தார். மன்னிப்புக் கேட்காதே. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லாதே. இன்சூரன்ஸ்காரன் கூப்பிட்டால் போனை எடுக்காதே.

வெர்லீன் டிட்வெல் அம்மாள் மூன்றையும் செய்துவிட்டுத்தான் அவர் அலுவலகத்துக்கு வந்தார். அதுவும் மூன்று வாரம் கழித்து, இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, வலது கையில் ஒரு முழு வெண்ணெய்க் கேக்கோடு.

"சீக்கிரம் வந்திருப்பேன் தம்பி. உங்களுக்கு எவ்ளோ வேலை இருக்கும். எதுக்குத் தொந்தரவுன்னுதான்."

வெண்டலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் கம்பெனி லாரியைப் பழுதுபார்த்துவிட்டது. வேகம், பிரேக், டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்பதையெல்லாம் பதிந்துவைக்கும் பெட்டியில் இருந்தது மொத்தமும் அழிந்துவிட்டதாம். மிகவும் வருந்துகிறோம் என்று கடிதம் வேறு. மோதிய இடத்தில் இரண்டு பக்கமும் காடு. பார்த்த சாட்சி ஒரு அணில்கூடக் கிடையாது.

"போலீஸ்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாம் என்னாலதான்னு சொன்னேன்."

"உங்களாலயா ஆச்சு?"

"இல்லையே. நான் என் காருல என் பாதையில போயிட்டிருந்தேன். அவன்தான் எதிர்ல நடுக்கோட்டத் தாண்டி வந்தான்."

"அப்புறம் எதுக்கும்மா அப்படிச் சொன்னீங்க?"

அம்மாள் அவரை விநோதமாகப் பார்த்தார். "அந்த லாரிப் பையன் ஓடி வந்து, காரு விழுந்த பள்ளத்துல என் பக்கத்துல உக்காந்து உதறிட்டிருக்கான். அவன்கிட்டப் போயி உன் தப்புன்னா சொல்லுவாங்க? உங்கம்மா உங்கள அப்படியா வளத்தாங்க?"

வெண்டலின் அம்மாவும் அப்படி வளர்க்கவில்லைதான். இந்தப் பக்கத்தில் யாருமே அப்படி வளர்வதில்லை. கடையில் ஒருவன் சாமான் தள்ளுவண்டியை உங்கள் காலில் ஏற்றினால், காலை அங்கே வைத்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதிலுக்கு அவனும் கேட்பான். இரண்டு பேரும் மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிரிவீர்கள். தோள்பட்டையில் இரும்புத் தகடு வைத்துத் தைத்த மறுநாள் இன்சூரன்ஸ்காரன் போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒரு குறையுமில்லை, நீங்கள் நலமா என்று அம்மாள் விசாரித்திருந்தார். அதையும் அவன் பதிவுசெய்து வைத்திருந்தான்.

"தோளு போனாப் போவுது தம்பி," என்றார் அம்மாள். அப்போதுதான் முதல்முறையாகக் குரல் இறங்கியது. "கவலையெல்லாம் என் ஸ்கூல் பஸ்ஸுதான். இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன். தப்பு என் பேருல நின்னா, இனிமே ஸ்கூல் பஸ்ஸத் தொடக்கூடாதுன்னு எழுதிட்டாங்க. இப்ப ஓட்டுறவனுக்கு எந்தப் பிள்ளை எந்த வாசல்ல எறங்கும்னுகூடத் தெரியல."

வெண்டலுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கேக்கை வாங்கிக்கொண்டு வழக்கையும் வாங்கிக்கொண்டார்.

சாட்சியம் எடுக்கும் நாள் வந்தது. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பக்க வக்கீல்களும் ஓர் அறையில் உட்கார்ந்து, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். ஒரு பெண் அத்தனையையும் ஒரு சொல் விடாமல் தட்டெழுதுவாள். கம்பெனியின் வக்கீல் விட்காம் பிலடெல்பியாவிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. மேஜையின் கடைசியில் லாரி ஓட்டிய கோல்பி, கம்பெனி வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையில் கழுத்து அரிக்க உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயசுதான் இருக்கும்.

"விபத்து நடந்த இடத்தில் என் கட்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?" என்று அம்மாளிடம் ஆரம்பித்தார் விட்காம்.

"கேட்டேங்க."

"எத்தனை முறை?"

"எண்ணலீங்க. மன்னிச்சுக்குங்க."

விட்காம் வெற்றிப் புன்னகையோடு காகிதக் கட்டை இழுத்தார். இழுத்த வேகத்தில் அவருடைய ஐஸ் தேநீர் கவிழ்ந்து அம்மாளின் மடியெல்லாம் ஓடியது. அம்மாள் எழுந்துகொண்டார். "அடடா, மன்னிச்சுக்குங்க சார், நான்தான் உங்க கைக்குக் குறுக்க உக்காந்துட்டேன். உங்க காகிதம் நனையலையே?"

வெண்டல் காத்திருந்தது இதற்குத்தான். தட்டெழுதும் பெண்ணைப் பார்த்தார். "காலைலேந்து அம்மா எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்காங்கன்னு பாத்துச் சொல்லும்மா."

அவள் தேடி எண்ணினாள். "பதினொண்ணு சார். நாற்காலி கிறீச்சுன்னதுக்கு ஒண்ணு. அவர் இருமினதுக்கு ரெண்டு. ஏசி குளிருதுன்னு அவர் சொன்னதுக்கு ஒண்ணு."

"ஏசியை இந்தம்மாதான் பண்ணினாங்களான்னு கேளுங்க விட்காம்."

விட்காமே சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், பிறந்த இடம் அப்படி. ஆனால் சிரித்து முடித்ததும் பிடியை விடவில்லை. "சரி, இது இவருடைய பழக்கம். ஒப்புக்கொள்கிறேன். அதனால் கோட்டைத் தாண்டியது இவர் இல்லை என்று ஆகிவிடுமா? அம்மா, என் கட்சிக்காரர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

ஒன்றுமில்லை என்ற பதிலைத்தான் அவர் எதிர்பார்த்தார். அம்மாள் ஈரப் பாவாடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொன்னான்."

தட்டெழுதும் பெண் தலையைத் தூக்கி அம்மாளைப் பார்த்தாள்.

"ஆனா அத நான் சொல்லமாட்டேங்க. நாங்க ரெண்டு பேரும் கையப் பிடிச்சுட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தோம். ஒருத்தன் அழுதுட்டே அப்பச் சொன்னத நான் வேற எடத்துல கொண்டு போய்ச் சொல்றதில்ல. சத்தியம் பண்ணிருக்கேன், அதனால பொய் சொல்லல. அவன் சொன்னதச் சொல்லவும் மாட்டேன்."

விட்காமுக்கு ஆபத்தின் வாசனை பட்டது. கேள்வியை வாபஸ் வாங்குகிறேன், சாப்பாட்டு இடைவேளை என்று எழுந்தே விட்டார். வெண்டல் தன் கட்சிக்காரியைத் தாழ்வாரத்துக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார்.

"வெர்லீனம்மா, நாலு மாசமா நான் காட்டுல தேடிட்டிருந்தத நீங்க மடியில வச்சுட்டா உக்காந்திருந்தீங்க?"

"கோபப்படாதீங்க தம்பி."

"உங்க பஸ்ஸும்மா. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணுமில்ல."

"தெரியும்," என்றார் அம்மாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தாடை அசையவில்லை. "நேத்து ராத்திரி பூரா அதத்தான் நெனச்சேன். என்னால முடியாது."

வெண்டல் சுவரில் சாய்ந்தார். இருபது வருடத் தொழிலில் எதிர்க்கட்சியை வெறுத்திருக்கிறார், நீதிபதிகளை வெறுத்திருக்கிறார். தன் கட்சிக்காரியின் நல்ல மனசை வெறுத்தது அன்றுதான். அந்தக் கோபத்தோடு அம்மாள் மீது ஒரு மரியாதையும் வந்து தொலைத்தது. அது கோபத்தைவிட எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் கோல்பியின் முறை. இடைவேளை முழுக்க விட்காம் அவனைத் தனி அறையில் வைத்துப் பேசியிருந்தார் என்பது அவன் வெளிறிப்போயிருந்ததிலேயே தெரிந்தது. விபத்து எப்படி நடந்தது? ஞாபகம் இல்லை. அன்று எத்தனை மணி நேரம் ஓட்டினாய்? ஞாபகம் இல்லை. யார் கோட்டைத் தாண்டியது? ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளைபோல் மேஜையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெண்டலிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்டார்.

"பள்ளத்துல உக்காந்துட்டு இந்தம்மாகிட்ட என்னப்பா சொன்னே?"

கோல்பி தலையைத் தூக்கினான். எதிரே வெர்லீன் அம்மாள் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார். விட்காம் தொண்டையைக் கனைத்தார்.

"தூங்கிட்டேன்னு சொன்னேன்."

"கோல்பி, கொஞ்சம் நிறுத்து," என்றார் விட்காம்.

"இல்ல சார். பதினேழு மணி நேரமா ஓட்டிட்டிருந்தேன். ஒதுக்கி நிறுத்தித் தூங்கிக்கறேன்னு ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். சரக்க எறக்கிட்டுத் தூங்குன்னாங்க. கோட்டத் தாண்டினது நான்தான். இந்தம்மா அவங்க பாதையிலதான் வந்தாங்க."

விட்காம் பேனாவை மூடி வைத்தார். சத்தம் போட்டது வெர்லீன் அம்மாள்தான். இத்தனை மாதத்தில் அவர் கோபப்பட்டு வெண்டல் பார்த்தது அதுவே முதல் தடவை.

"உன்ன யாருடா சொல்லச் சொன்னா? நான் வாயத் தொறந்தேனா? வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே? வீட்ல ரெண்டு கைக்குழந்தை இருக்குன்னு அழுதியேடா அன்னிக்கு."

கோல்பி புதுச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்களும் அழுதீங்களேம்மா. கையி தொங்கிட்டிருக்கு, அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. திங்கக்கெழமை என் பஸ்ஸுப் பிள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போவான்னுதானே திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருந்தீங்க."

அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். தட்டெழுதும் பெண் அதையும் எழுத வேண்டுமா என்று வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.