பம்ப் ஹவுஸ் சாவி

பணியாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று குடிநீர் வாரியம் வருடத்துக்கு ஒருமுறை கேட்கும். கேட்பது வாரியத்தின் கடமை. மகிழ்ச்சியாக இருப்பது அவரவர் பாடு. இந்த வருடம் அந்தக் கடமை தலைமை அலுவலகத்தின் புதுக் குமாஸ்தா தலையில் விழுந்தது.

பம்ப் ஹவுஸுக்கு வந்து தாள்களை நீட்டினான். "பேர் எழுத வேணாம். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. பிரிவையும், ஆணா பெண்ணான்னும் குறிச்சா போதும்."

ஆபரேட்டர் அக்கா சிரித்துவிட்டாள். "தம்பி, இந்தப் பிரிவுல பொம்பளைன்னா நான் ஒருத்திதான். அதுக்கு என் போட்டோவையே ஒட்டிடலாமே!"

குமாஸ்தா தன் செருப்பை ஆராய்ந்தான்.

அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. பெண்கள் கழிப்பறைச் சாவி சூப்பர்வைசரின் மேசை டிராயரில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆண்கள் நடுவே போய்க் கேட்க வேண்டும். அதற்குக் கூசியே பகலெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஊருக்கே தண்ணீர் ஏற்றிவிட்டு, நாக்கு வறண்டு வீட்டுக்குப் போவாள். எழுதினால் தான்தான் என்று தெரிந்துவிடும்; மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தாளை அப்படியே மடித்தாள்.

"மடிக்காதம்மா, சாவி விஷயத்தை எழுது" என்றார் மீசை. ஃபிட்டர்தான், ஆனால் அந்த மீசைக்குப் பிறகு வேறு பெயர் எடுபடவில்லை.

"மாட்டிக்குவேன் அண்ணே."

"இத்தனை பொம்பளைங்கள்ல யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பாரு?" மீசையை நீவிவிட்டு, 'பெண்' கட்டத்தில் டிக் அடித்தார்.

எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார். "எப்பத்துலேருந்துண்ணே?"

"இப்பத்தான். தனியா இருக்கப் பயமா இருக்கு, நீயும் வா."

தாள் கைமாறக் கைமாற, பம்ப் ஹவுஸில் பெண்கள் பெருகினார்கள். அக்காவும் எழுதினாள்.

மறுநாள் குமாஸ்தா பேயறைந்தவன்போல வந்து, நேரே சூப்பர்வைசர் அறைக்குள் நுழைந்தான். பிளைவுட் தடுப்பு, பேசுவது அப்படியே வெளியே கேட்டது.

"சார், உங்க பிரிவுல எட்டுப் பேருமே பெண்கள்னு வருது. எட்டுப் பேரும் கழிப்பறைச் சாவியை வெளியில மாட்டச் சொல்றாங்க."

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எழுதினது ஏழு பேர்தானே. எட்டாவது யார்?

"ஆமா தம்பி" என்றது சூப்பர்வைசரின் குரல். "இத்தனை பேர் இருக்கோம். சாவியை டிராயர்ல வச்சா எப்படி?"

தடுப்புக்கு அந்தப் பக்கமும் காது உண்டு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கழிப்பறைக் கதவருகே புது ஆணியில் சாவி தொங்கியது.

பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள்.

"மெதுவாம்மா" என்றார் மீசை. "ஊருக்கும் கொஞ்சம் மிச்சம் வை."