ஆறாவது ஆள்

சாகாமத்து வாய்க்காலில் எந்த மதகு எங்கே கசியும் என்று முனாப்பால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஒன்பது வருடம் நாட்சம்பளத்துக்குச் சேற்றில் நின்று படித்த படிப்பு. ஆனால் ஐம்பத்துநாலாம் ஆண்டு, வாய்க்கால் கூலிகளை மேய்க்கும் ஓவசியர் வேலை காலியானபோது நீர்ப்பாசனக் கந்தோரில் அவனிடம் வாய்க்காலைப் பற்றி ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. "போடியாரைத் தெரியுமா?" என்றுதான் கேட்டார்கள்.

ஊரின் பாதி வயலுக்குச் சொந்தக்காரரான மீராமுகைதீன் போடியார் ஒரு வார்த்தை சொன்னால் கந்தோரில் மறுபேச்சு இல்லை. அந்த மனிதரோ வீடு தேடிப் போகிறவர்களுக்கு முகம் கொடுக்கமாட்டார். கலியாணச் சாப்பாட்டில் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் காது கொடுப்பார். கல்முனையில் ஒரு கலியாணம் வந்தது. முனாப்பின் மச்சான் அப்துல் கபூர் வழி பண்ணினான். சஹன் என்கிற பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர். ஆறாவது ஆள் வந்து குந்தாமல் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். போடியாரின் சஹனில் அந்த ஆறாவது இடத்தைக் கபூர் பிடித்து வைத்திருந்தான்.

"கையக் கழுவிட்டு நேரா வா. வழியில நிண்டு கதச்சிடாத," என்றான்.

முனாப் கை கழுவித் திரும்பினால், வாசல் ஓரத்தில் பக்கீர் முகைதீனும் வாய்க்கால் கூலிகள் நாலு பேரும் சோறு ஆறிப்போகக் காத்திருக்கிறார்கள்.

"முனாப் தம்பி, ஓராள் குறயிது. இரிங்களன்," என்றார் பக்கீர்.

தன்னோடு சேற்றில் நின்றவர்கள் வாய்திறந்து கூப்பிட்டபிறகு எப்படிக் கடந்துபோவது? மனசு கேட்கவில்லை. குந்திவிட்டான், மடையன்.

கபூர் எட்டி எட்டிப் பார்த்தான். போடியாருக்கோ பசி. அதே வேலைக்கு அலைந்துகொண்டிருந்த அபுல் ஹஸன் வந்து அந்த இடத்தில் குந்தினான். மதகு எது மடை எது என்று தெரியாத ஆள். ஆனால் ஊரில் ஒரு கலியாணத்தையும் ஒரு ஜனாஸா அடக்கத்தையும் தவறவிட்டதில்லை. நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் போடியாரின் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தான். சஹன் காலியாகும்போது ஓவசியர் வேலையும் அவனுக்கு முடிவாகிவிட்டது.

நியமனக் கடிதம் வந்த அன்று அஸர் தொழுதுவிட்டுத் திரும்பிய முனாப், அபுல் ஹஸன் வீட்டு வாசல் படலையில் பக்கீரைக் கண்டான். கையில் இரண்டு சேவல். பின்னால் அதே நாலு பேர்.

"கோவிக்காதீங்க தம்பி," என்றார் பக்கீர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "அண்டைக்கு நாம ஒரு சஹன்ல இருந்தத அவரும் கண்டவர். எங்கள உங்கட ஆக்களெண்டு நினச்சா வேல தருவாரா? அதுதான் முந்தி வந்த."

முனாப்புக்கு நெஞ்சு எரிந்தது. வேலை போனதுகூட இப்படி எரியவில்லை. திரும்பி நடக்கலாம் என்றால், நாளையிலிருந்து அவனுடைய நாட்சம்பளமும் இந்த வீட்டுக்காரனின் கையில்தான்.

"ஆரது, முனாபா?" உள்ளிருந்து அபுல் ஹஸனின் குரல் வந்தது. "நல்லதாப் போச்சு. நாளைக்கு அந்த மதகெல்லாம் எங்க இரிக்கெண்டு வந்து காட்டணும்."

"ஓம் ஓவசியர்," என்றான் முனாப்.

பக்கீர் சற்று ஒதுங்கி இடம்விட்டார். அந்த ஐந்து பேருக்குப் பின்னால் ஆறாவது ஆளாக அவன் போய் நின்றான்.