கண்ணாடிக் காப்பு

சிவபாதத்தாரின் கோபத்துக்கு வயது முப்பது. சோவியத் யூனியனே செத்துப்போய்விட்டது. அந்தக் கோபம் மட்டும் நல்ல திடகாத்திரமாக இருந்தது.

1962இல், கியூபாவில் வைத்த அணு ஏவுகணைகளை ரஷ்யா திருப்பி எடுத்தபோது, ஊரில் நெல்லியடிக் கூட்டமொன்றில் அவர் பேசினார். "எடுத்தது சரி. எடுக்காட்டி ரெண்டு வல்லரசும் அடிபட்டு உலகமே சாம்பலாப் போயிருக்கும்." கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்துகொண்டிருந்த நேரம். பீக்கிங் பக்கம் நின்ற உயிர்த்தோழர் குலசிங்கம் மேடையேறி, "அமெரிக்காவுக்குப் பயந்தவருக்கு இதுதான் பரிசு" என்று பெண்கள் போடும் இரண்டு கண்ணாடிக் காப்புகளை அவர் கையில் திணித்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து சிவபாதத்தார் 'காப்பர்'. அந்தப் பட்டம் விசா இல்லாமலே கனடாவுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது கனடாவின் மில்லிக்கனில், கடைத்தொகுதிப் பிளாசாவின் மேல்மாடி மண்டபத்தில் குலசிங்கத்தின் உரை. 'வல்லரசுகளும் அணுகுண்டும்.' முன்வரிசையில் இருந்த சிவபாதத்தாரின் கோட்டுப் பையில் அதே காப்புகள். அவன் பழைய பீக்கிங் வீரத்தைப் பேசட்டும், எல்லோருக்கும் முன்னால் அவன் கையிலேயே மாட்டிவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

குலசிங்கமோ வேறு கதை சொன்னார்.

"ரஷ்யா ஏவுகணையைத் திருப்பி எடுத்தது சரி. ரெண்டு பேரிட்டையும் குண்டு இருந்தது. முதல் அடிக்கிறவனும் மிஞ்சமாட்டான் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். அதாலைதான் நாங்கள் இண்டைக்கு உயிரோடை இருக்கிறம்."

மண்டபம் கைதட்டியது.

சிவபாதத்தார் பையிலிருந்த காப்புகளை இறுக்கிப் பிடித்தார். கள்ளன்! என்னை நாறடித்த அதே பேச்சுக்கு இவன் கைதட்டு வாங்குகிறான்! ஆனால் இப்போது காப்பை அவன் கையில் மாட்டினால், அந்தப் பேச்சு கோழைப் பேச்சுத்தான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இத்தனை காலம் காத்து வைத்த குண்டு, எறிந்தால் தன் தலையிலும் விழும்.

"கேள்வி இருந்தாக் கேளுங்கோ" என்றார் கூட்டத் தலைவர் நாகமணி.

சிவபாதத்தார் காப்புகளை எடுத்து, தோல் உரிய உரியத் தன் கையிலேயே மாட்டினார். அந்தக் கையை உயர்த்திக்கொண்டு எழும்பினார். குலசிங்கம் கண்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"உந்தக் கதையை நெல்லியடியிலை முதல் சொன்னது ஆர், குலம்? அவனுக்கு நீர் என்ன குடுத்தனீர்?"

குலசிங்கம் மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "நீர்தான் சொன்னனீர். நான்... காப்புக் குடுத்தனான்."

சிவபாதத்தார் கையை இறக்கவில்லை.

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை. மைக்கிலை சொல்லும்."