ஃப்ரிட்ஜில் ஏழு முட்டை

அம்மாவின் கோழி வேன் சக்கரத்தில் மாட்டி இறந்த அன்று, அதன் கூடையில் ஏழு முட்டைகள் இருந்தன. அது இன்னும் அடைக்கு உட்கார்ந்திருக்கவில்லை.

அதற்கு மேனேஜர் என்று பெயர். தினமும் காலையில் எல்லா அறைகளுக்கும் ஒரு சுற்று வந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா அழவில்லை. ஆனால் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டாள்.

"இதைப் பொரிக்க வைக்கலாம்மா," என்றேன். "சூடு சரியா இருந்தா போதும்."

"ஒண்ணு வந்தாக்கூடப் போதும்டி. அவ வம்சத்துல ஒண்ணு."

நான் விலங்கியல் படித்தவள். பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியும் வீட்டில் அது எதற்கும் பயன்பட்டதில்லை.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முன் அறைதான் அவர் பட்டறை. கம்ப்ரஸர் செத்த சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று மூலையில் கிடந்தது. அதற்குள் ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன், சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டதும் பல்பை அணைக்கிற கருவி, எல்லாவற்றையும் அரை நாளில் பொருத்திவிட்டார். காற்றுக்கு நான்கு ஓட்டை வேண்டும் என்றபோதுதான் முகம் மாறியது.

"முப்பது வருஷமா ஓட்டைய அடைச்சே பொழப்ப ஓட்டினவன்கிட்ட ஓட்டை போடச் சொல்றே."

ஆனாலும் போட்டார். பென்சில் நுழையும் அளவில் நான்கு.

"முட்டைய ஃப்ரிட்ஜுல வெச்சுக் குஞ்சு பொரிக்கிற குடும்பம் நாமதான்," என்றாள் அம்மா. "வெளிய சொல்லிடாதீங்க."

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் வட்டமும் போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பிவைத்தேன். ஏழாம் நாள் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டில் ஒன்றுமில்லை. ஐந்தில் சிவப்பு நூல்கள், நடுவில் ஒரு புள்ளி.

"துடிக்குதே," என்றாள் அம்மா. கை வலிக்கும்வரை அவள் டார்ச்சைத் தரவில்லை.

முதல் நாள் குறித்துவைத்த எடையோடு ஒப்பிட, அன்றே மறுபடி எடையும் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்கு கேஸ் நிரப்பும்போது அப்பா பயன்படுத்தும் தராசு, ஒரு கிராம்வரை காட்டும். முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஓடு வழியாக ஆவியாக வேண்டும். ஒரு வாரத்தில் முட்டைக்கு இரண்டு கிராமாவது குறைய வேண்டும். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஈரப்பதத்துக்காக உள்ளே வைத்திருந்த தண்ணீர்த் தட்டில் பாதியைக் கொட்டினேன். பதினான்காம் நாளும் அதே கதைதான். தட்டிலும் தண்ணீர் வற்றவில்லை. கதவைத் திறந்தால் உள்சுவரெல்லாம் வேர்த்திருந்தது.

தண்ணீர் ஏன் வெளியே போகவில்லை? ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஓட்டையருகே பிடித்தேன். ஆடவில்லை. பென்சிலை நுழைத்தேன். முனை எதிலோ புதைந்தது. நான்கு ஓட்டைகளிலும் பசை. மேலே வெள்ளைப் பெயின்ட்கூட அடித்திருந்தது.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அம்மாவின் பொறுப்பு. நானும் அப்பாவும் சொல்லவேண்டியதைப் பொருள்களை நகர்த்திவைத்தே சொல்லிக்கொள்வோம். பசையை நோண்டி எடுத்து, அவர் மேஜை மேல் வைத்தேன். மறுநாள் காலை காகிதம் மறுபடி ஆடவில்லை. இந்தத் தடவை, காய்ந்தால் கல்லாகிவிடுகிற பசை.

இன்னும் ஆறு நாள்தான். பட்டறைக்குப் போனேன். அப்பா செம்புக் குழாய் ஒன்றை வளைத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டைய அடைக்காதீங்கப்பா." நினைத்ததைவிடக் குரல் சின்னதாக வந்தது.

"அது லீக் ஆகுதும்மா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை பல்பு எரிஞ்சுது. அடைச்சப்புறம் பாரு, சூட்டு நம்பர் அசையுதா?"

"அசையல. முட்டையும் எடை குறையல."

"குறையலன்னா நல்லதுதானே?"

நியாயமான கேள்விதான். திரையை இழுத்து, ஒரு முட்டையை டார்ச்சின் மேல் வைத்தேன். அகன்ற முனையில் காற்று இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு விரல் தள்ளிக் கீழே இன்னொன்று.

"இப்ப இங்க இருக்கு. அந்தக் கோட்டுக்கு வரணும். தண்ணி வெளிய போனாத்தான் இந்த இடம் பெருசாகும். குஞ்சு முதல் மூச்சை இதுக்குள்ளதான் இழுக்கும். இடம் இல்லன்னா..."

"இந்த ஓட்டுல ஓட்டை இருக்கா?"

"ஆயிரக்கணக்குல."

அப்பா முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இது லீக் ஆகணும்னே செஞ்ச பொருள்." முட்டையை என் கையில் தந்துவிட்டு, "நேத்தே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"நோண்டி உங்க மேஜைல வெச்சேனே."

"எலி வேலைன்னு நினைச்சேன்."

அம்மா முட்டைகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா ட்ரில்லை எடுத்தார். "எத்தனை எம்எம்?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் அளவு கேட்டது அதுதான் முதல் தடவை.

தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டேன். எடை குறையத் தொடங்கியது. பதினெட்டாம் நாள் வெளிச்சம் இரண்டாவது கோட்டை நெருங்கியிருந்தது, தொடவில்லை. கடைசி மூன்று நாளும் ஓட்டின் உட்சவ்வு காயக்கூடாது என்பதால் தட்டைத் திரும்ப வைத்தேன். இனி செய்ய ஒன்றுமில்லை.

இருபத்தோராம் நாள் மதியம்வரை சத்தமில்லை. அப்பா நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தார். கம்ப்ரஸரைச் சோதிப்பதுபோல, கைப்பிடியைக் காதில் வைத்து நுனியால் முட்டையை மெல்லத் தொட்டார். முதல் முட்டை. இரண்டாவது. மூன்றாவதில் நின்றார்.

"ஓடுது," என்றார்.

அம்மாவும் அதே ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு நான். உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல இருந்தது.

இரண்டு குஞ்சுகள் வந்தன. மற்ற மூன்றையும் இருபத்துமூன்றாம் நாள்வரை வைத்திருந்து உடைத்துப் பார்த்தேன். முழுசாக வளர்ந்திருந்தன, ஈரமாக. அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"நான் அடைக்காம இருந்திருந்தா?"

"தெரியலப்பா." உண்மையிலேயே தெரியாது. "அடுத்த தடவை எடை போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

அவர் தலையாட்டினார்.

குஞ்சுகளை வைக்க அப்பாவே ஒரு அட்டைப்பெட்டி தயார் செய்தார். மூடியில் துளைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. பெட்டி தையல் மெஷினுக்குக் கீழே போனது.

"ரெண்டும் மஞ்சள். அவ கறுப்பாச்சே," என்றாள் அம்மா. ஆனால் குனிந்தபடியே இருந்தாள். அன்று மெஷினை ஓட்டவில்லை. சத்தத்துக்குக் குஞ்சுகள் பயந்துவிடுமாம். மூன்று வாரமாகக் கிடந்த சட்டையை எடுத்து, தப்பான கையை ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.