தரைக்கடியில் வெடியுப்பு

ராஜாவின் ஆட்கள் வந்தபோது தாமசினின் மகள் ஆவிசுக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாளாகியிருந்தது. பக்கிங்காம் சீமையில் அந்த வருஷம் ஒரு வீடு பாக்கியில்லாமல் தோண்டினார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணைக் காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும். வெடியுப்பு இருந்தால்தான் துப்பாக்கிக்கு மருந்து. முதலில் எச்சம் ஊறிய புறாக்கூண்டுத் தரை, அப்புறம் தொழுவம். போதவில்லையென்றால் வீட்டுத் தரை.

"புள்ள படுத்திருக்கா. நாலு நாள் பொறுத்து வாங்களேன்" என்றாள் தாமசின்.

கூட்டத்தின் தலைவன் ஸ்டைல்ஸ் முத்திரை தொங்கிய காகிதத்தை நீட்டினான். "ராஜா பொறுக்கச் சொல்லலியே, தாயி. கட்டில அந்தப் பக்கம் நகத்து."

"எந்தச் சட்டத்துலய்யா இது இருக்கு?" என்று கேட்டான் அவள் புருஷன் ஆம்புரோஸ்.

"அவரு வாயில வந்தா அதான் சட்டம். இன்னொரு வார்த்த பேசுனே, ஜெயில்ல போய்ப் பேச வேண்டியதுதான்."

கட்டிலை நகர்த்தினார்கள். மார்ச் மாதத்து ஈரம் குழியிலிருந்து ஏறி அறையை நிறைத்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆவிஸ் கண்ணை மூடினாள். ஸ்டைல்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று நின்றான். மறுநாள் காலையில் மறுபடி மண்வெட்டியை எடுத்தான்.

அன்று அந்த மிரட்டலோடு வாயை மூடிக்கொண்ட ஆம்புரோஸ் அதற்குப் பிறகு எங்கு போனாலும் அதையே பேசினான். பதினொரு வருஷம் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்ட ராஜா, கஜானா வறண்டதும் கூட்டினார். கூடியவர்கள் அவர் கேட்டதைக் கொடுப்பதற்கு முன்னால் ஜனங்களின் குறைகளை எழுத உட்கார்ந்தார்கள். அந்தக் குறைகள் அச்சாகி வந்த தாளைச் சந்தையிலிருந்து ஓட்டமாகக் கொண்டுவந்தான் ஆம்புரோஸ்.

"வெடியுப்பு அநியாயத்தையும் எழுதியிருக்காங்கடி!"

"ஆவிஸ் பேரு இருக்கா?"

"பேரெல்லாம் எழுத மாட்டாங்க."

அவள் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் யுத்தம் மூண்டதும் ஆம்புரோஸ் நாடாளுமன்றப் படையில் ஈட்டி பிடிக்கப் போனான். எட்ஜ்ஹில் மேட்டடியில் செத்தான். உடம்பு வரவில்லை, செருப்புகூட வரவில்லை.

மறு வருஷம் குளிர் தொடங்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. அதில் மண்வெட்டிகள், மரத்தொட்டிகள்.

"ராஜா ஆளுங்களா?"

"சேச்சே, நம்ம ஆளுங்கம்மா. பார்லிமெண்ட் உத்தரவு" என்றான் முன்னால் வந்தவன். ஹக்கின்ஸ் என்று பெயர். "உங்க வீட்டுக்காரரு நம்ம பக்கம் நின்னவராமே. அந்தப் படைக்கு மருந்து வேணாமா?"

தாமசின் வாசலை மறித்து நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "காகிதத்தக் குடு" என்றாள்.

பைபிளில் கற்ற எழுத்து. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை.

"புறாக்கூண்டுன்னு இருக்கு. தொழுவம், நிலவறை, கொட்டகை இருக்கு. குடியிருக்குற வீடுன்னு எங்க இருக்கு?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா எழுதியிருப்பாங்க. தோண்டுனதப் பழையபடி மூடணும்னும் போட்டிருக்கு, பாத்தியா?"

ஹக்கின்ஸ் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். "ராஜா ஆளுங்ககிட்டயும் இப்படித்தான் வாயாடுனியா?"

"இல்ல. அவனுங்க காகிதத்துல எது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அவன் காறித் துப்பிவிட்டுப் புறாக்கூண்டுப் பக்கம் திரும்பினான். வீட்டுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை.

இரண்டு நாள் தோண்டினார்கள். புறாக்கள் கூரையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு எங்கோ பறந்துபோயின. குளிர்காலத்துக்கு அவளுக்கிருந்த கறி அவ்வளவுதான். குழியைப் பாதி மூடும்போதே மழை பிடித்துக்கொள்ள, ஹக்கின்ஸ் வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். மீதியைத் தாமசினே மூடினாள். ஈர மண் கனத்தது. முடிக்க மூன்று நாள் ஆகிவிட்டது.